அசையாத ஊசி

வேலூரில் ஏசி மெக்கானிக் ஷாஹினாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் வேதவல்லிதான் வயதில் மூத்தவள். ஷாஹினாவுக்கு வேதவல்லியின் வயதில் பாதிகூட இராது. குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள்.

புருஷன் சபாபதி இறந்துபோன பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் வேதவல்லி இந்த வேலைக்கே வந்தாள். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் டிவி ஓடும். பார்க்க இல்லை, சத்தத்துக்கு. படுக்கையும் டிவிக்கு எதிரேதான். அவர் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

அந்த அறையில் அவர் வாங்கிப்போட்ட பழைய ஜன்னல் ஏசி இருந்தது. அதற்குப் போடுகிற கேஸை இப்போது ஒழித்துக்கொண்டு வருகிறார்கள், கிடைப்பதே அரிது. வேலை கொஞ்சம் பழகியதும் வேதவல்லி ஒருநாள் அவசரமாக உள்ளே போய் அதற்குக் கேஸ் அடித்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். மீட்டர் சரியாகக் காட்டியது. அறை குளிரவில்லை.

ஷாஹினா வந்து டிவியை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

"எந்த கேஸ் அடிச்சீங்க?"

"புதுசு. பழசு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அதை ஏன் வீணாக்கணும்னு அதுமேலயே..."

"பாயசம் குறையுதுன்னு ரசத்தை ஊத்தின மாதிரி. இப்ப ரெண்டும் போச்சு."

ஷாஹினா மெஷினை இறக்கித் தரையில் வைத்தாள். கலந்துபோன கேஸைத் தனி சிலிண்டரில் பிடித்தாள். சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைத்து அடைத்தாள். உடைப்புக்குப் போன ஏசிகளிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த பழைய கேஸ் அவளிடம் ஒரு சிலிண்டர் இருந்தது. அதைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"வீட்டை வித்துட்டு என்கூட வந்துடுன்னு தம்பி சொல்றான். வாங்க ஆள் பார்த்துட்டானாம். இன்னைக்குப் பதில் சொல்லணும். அங்க அவன் பொண்டாட்டிக்கும் எனக்கும் ஆகாது. ஆனா இங்க தனியா உக்காந்திருக்க என்னால ஆகலியே. என்ன செய்யட்டும்?"

"பம்பைப் போடுங்க."

பம்பு மெஷினுக்குள் இருந்த காற்றையெல்லாம் இழுத்தது. மீட்டர் ஊசி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நின்றது. ஷாஹினா வால்வை மூடிப் பம்பை அணைத்தாள். திடீரென்று வீடே ஓய்ந்துபோனது.

"கேஸை அடிச்சிடவா?"

"பொறுங்க. காலியா நிக்குதான்னு பாக்கணும். நிக்கலைன்னா என்னத்தை அடிச்சாலும் போயிடும்."

"அதுவரைக்கும் டிவியைப் போட்டுட்டு..."

"ஊசியை யார் பாக்கறது? நான் டீ குடிச்சிட்டு வரேன். நீங்க கண்ணை எடுக்காதீங்க."

ஷாஹினா போய்விட்டாள்.

வேதவல்லி கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். வால்வைச் சரியாக மூடினாளா? ஓட்டை இன்னொன்று இருந்தால்? அடுப்பை அணைத்தோமா? ஊசி அசைந்ததோ? இல்லை. சுவரில் அவர் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ஆணியில் பெல்ட் தொங்கியது. அதைப் பார்த்தாள். மறுபடி ஊசியைப் பார்த்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு அதுவும் இல்லை.

கூடத்தில் போன் அடித்தது. பாதி எழுந்தவள் ஊசியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஜன்னல் வெயில் அவள் மடியிலிருந்து மெல்ல இறங்கிக் கதவுப்பக்கம் போனது.

ஷாஹினா திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள்.

"ஊசி?"

"அசையல டீச்சர்."

"போன் அடிச்சுதே, தெருமுனைக்கே கேட்டுது."

"தம்பியாத்தான் இருக்கும். இன்னும் நீங்க ஒண்ணும் சொல்லலையே. இந்த வீட்ல நான் எப்படித் தனியா உக்காருவேன்?"

ஷாஹினா சிலிண்டரை நகர்த்தி அவள் பக்கத்தில் வைத்தாள்.

"இவ்வளவு நேரம் எங்கேக்கா உக்காந்திருந்தீங்க?"

வேதவல்லி அறையைச் சுற்றிப் பார்த்தாள். சிலிண்டரை எடுத்துக் குழாயில் மாட்டினாள்.