வீட்டுக் கூடை

நாச்சிமுத்துவுக்கு ஆறு ஏக்கர் தோட்டமும் சந்தையில் ஒரு காய்கறி மண்டியும் இருந்தன. தோட்டம் தண்ணீரை நம்பி நடந்தது. மண்டி அவருடைய வாயை நம்பி நடந்தது. லோடு கொண்டுவரும் விவசாயியை, "வாங்க மச்சான், வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பார். பாலக்காட்டு வியாபாரிக்கு அவர் பாஷையிலேயே நாலு வார்த்தை. சண்டை போட வந்தவர்கள்கூட டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். அந்த அறுபது வயது மனிதரின் பேச்சைக் கேட்பதற்கென்றே அங்கே சிலர் நின்றிருப்பதுண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கரட்டுச்சாமியைப் பார்க்கப் போனார்.

கரட்டுச்சாமிக்கு வயது நாற்பத்தைந்து. முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றின் அடியில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார்; தானே சமைத்துச் சாப்பிட்டார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரை நாச்சிமுத்து எப்படிக் குருவாக ஏற்றுக்கொண்டார் என்பது ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. நாச்சிமுத்துவுக்கும் சரியாக விளங்கவில்லை. வெள்ளி தவறாமல் ஒரு கூடை நல்ல காய் கொண்டுவந்து வைப்பார். கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவார்.

அன்றைக்குச் சும்மா உட்கார முடியவில்லை.

"சாமி, எம்மக மோகனா பெங்களூருக்கு வேலைக்குப் போறாளுங்க. திங்கக்கிழமை."

"நல்ல சேதிதானேண்ணா."

"அந்தச் சேதிய எனக்கு யாரு சொன்னதுன்னு கேளுங்க. மண்டியில தராசு போடற பழனியப்பன். 'பாப்பா பெங்களூர் போகுதாமே'ன்னு அவன் எங்கிட்டக் கேக்கறான். தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு நின்னேன்."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வீட்டுக்குள்ள நொழைஞ்சா பேச்சு நின்னுபோகுதுங்க. அவ எந்திரிச்சு ரூமுக்குப் போயிடறா. நான் குடிக்கறனா? யாரையாச்சும் கை நீட்டுனனா? சந்தையே என் பேச்சக் கேக்க நிக்குது. பெத்த புள்ளைக்கு மட்டும் ஏன் பிடிக்கல? போறதுக்குள்ள அவ எங்கிட்ட வந்து ஒரு வார்த்த பேசோணும். அதுக்கு நான் என்ன பண்றது?"

மோகனா அவருக்கு ஒரே பிள்ளை.

சாமி கூடையைப் பார்த்தார். கத்திரிக்காய் ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல மின்னியது.

"இத எடுத்துட்டுப் போங்கண்ணா. நாளைக்கு உங்க வீட்டுக் கூடையக் கொண்டாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சாமி?"

"நீங்க சாப்பிடறத ஒரு நாள் நானும் சாப்பிட்டுப் பாக்கறேன்."

மறுநாள் நாச்சிமுத்து கூடையோடு வந்தார். நேற்றையதைவிட நல்ல காய். சாமி ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். சட்டென்று ஒடிந்தது.

"இது எனக்குன்னு பொறுக்குனது. வீட்டுக் கூடை எங்க?"

கண்டக்டர் வேலை பார்த்தவரிடம் பழைய டிக்கெட்டைக் காட்டித் தப்பிக்க முடியுமா? நாச்சிமுத்து கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அடுப்படிக்குள் கடைசியாக எப்போது நுழைந்தோம் என்று அவருக்கு நினைவில்லை. அவர் மனைவி மயிலாத்தாள் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நெளிந்த பிளாஸ்டிக் கூடை. அதில் சொத்தைக் கத்திரிக்காய், வெடித்த தக்காளி, முற்றிப்போன வெண்டை. தோட்டத்துக் காயைத் தரம் பிரித்து மண்டிக்கு ஏற்றியபின் மிஞ்சுகிற கழிசல்.

"என்ன புள்ள இது?"

"எதுங்க?"

"இந்தக் காயி."

"நம்ம தோட்டத்துக் காயிதானுங்க. நீங்கதான வீட்டுக்கு அனுப்பறீங்க."

"எத்தன நாளா?"

"நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்துங்க. இருபத்தெட்டு வருசமாச்சு."

குறை சொல்கிற குரலில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார். கையிலிருந்த கத்திரிக்காயில் புழு இருந்த பாதியை எறிந்துவிட்டு மீதியைத் தண்ணீரில் போட்டார்.

நாச்சிமுத்து நல்ல காய்க் கூடையை அங்கே வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் கூடையை எடுத்துக்கொண்டார். வாசல் தாண்டும்போது மயிலாத்தாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, மண்டிக்குப் போற கூடைய மறந்து வெச்சுட்டுப் போறீங்க."

யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் கூடையைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தார்.

சாமி துண்டை விலக்கிப் பார்த்தார். ஒரு கத்தியை நீட்டினார்.

"அரிங்கண்ணா. நம்ம ரெண்டு பேருக்கு ஆகற அளவுக்கு."

முதல் கத்திரிக்காய் உள்ளே கறுப்பு. எறிந்தார். இரண்டாவதில் ஓர் ஓரம் தேறியது. தக்காளியில் வெடித்த இடத்தைச் சுற்றிச் சீவினார். வெண்டைக்காய் நார் நாராக வந்தது. அரை மணி நேரம் ஆகியும் சட்டியின் அடிப்பாகம் மூடவில்லை. தரையில் குப்பைதான் குவிந்தது. விரலில் வேறு கத்தி பட்டுவிட்டது.

"நல்ல காயி நாலு எடுத்திருந்தா இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருக்கலாமுங்க."

"ஏன் எடுக்கல?"

"எங்கப்பன் காலத்துப் பழக்கமுங்க. நல்ல காயத் தின்னுட்டா அடுத்த வெள்ளாமைக்கு வெதை வாங்க வழியிருக்காது. எங்கம்மா சொத்தையத்தான் ஆக்கிப் போடும்."

"இப்போ?"

நாச்சிமுத்து விரலைத் துண்டில் சுற்றினார். "இப்போ கேக்க ஆளில்லீங்க. வீட்டாளுகதான, பொறுத்துக்குவாங்கன்னு."

தேறியதை வைத்துச் சாமி ஒரு குழம்பு வைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. வீட்டிலும் எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதை நினைத்ததும் நாச்சிமுத்து பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"மண்டிய முடிச்சு வீட்டுக்கு எத்தன மணிக்குப் போவீங்க?"

"எட்டாயிருமுங்க."

"போனதும் என்ன பேசுவீங்க?"

"என்னத்தப் பேசறதுங்க. பொழுதன்னிக்கும் நயமாப் பேசி வாய் ஓஞ்சு போயிருது. செருப்பு ஏன் நடுவுல கெடக்குது, லைட்டு ஏன் எரியுது, சோறு ஏன் ஆறிப்போச்சு. கத்தறதுக்குத்தான் தெம்பு இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சாமி சிரிக்கவில்லை.

"அண்ணி ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"மயிலாளா? அவ என்ன சொல்லப் போறாளுங்க. அலுப்புல கத்தறேன், பசியில கத்தறேன்னு அவளுக்குத் தெரியும். வேண்டாதத ஒதுக்கிப் போட்டுட்டு, அதுல தேறுனத எடுத்துக்கிட்டு..."

நாச்சிமுத்து பாதியில் நிறுத்தினார். கத்திக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த குப்பையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. துடைக்கவில்லை.

"மோகனாளுக்கு அந்தப் பொறுமை வராதுங்க" என்றார் கடைசியில்.

"எதுக்கு வரணும்?"

நாச்சிமுத்து தரையில் சிதறிக் கிடந்த காம்புகளைக் குவியலோடு சேர்த்தார்.

சாமி எழுந்து குப்பையை வாரி வெளியே கொட்டிவிட்டு வந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். காலிக் கூடையைக் கையில் எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார்.

"நாளான்னைக்கு அவ போயிருவா. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது. மண்டிய முடிச்சுட்டு வந்து, அவ பக்கத்துல உக்காந்து பொறுமையாப் பேசிப் பாக்கட்டுங்களா சாமி?"

"நாளைக்கு மண்டி எத்தன மணிக்குத் தொறப்பீங்கண்ணா?"

"வெடியால அஞ்சு மணிக்குங்க. மொத வண்டி வந்துரும். நான் கெளம்பறப்பவே அவ ரூமுல லைட்டு எரியுமுங்க. படிக்கற காலத்துலருந்து நேரமே எந்திரிச்சுப் பழக்கம்."

"அப்போ நாலரைக்குப் பேசுங்க."