எண் எழுதிய தவசிலிங்கனார்

தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நாற்காலிக்கும் எண் உண்டு, நாற்காலி கிடக்கும் அறைக்கும் எண் உண்டு, அறையில் சுற்றாமல் தொங்கும் மின்விசிறிக்கும் எண் உண்டு. அத்தனை எண்ணையும் எழுதிய கை தவசிலிங்கனாருடையது. தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து, வெள்ளை எனாமல் பெயிண்டைத் தொட்டுத் தடவி எடுப்பார். கட்டடத்தையும் சாமானையும் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. தினக்கூலிதான். பணியாளர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவே இல்லை.

காலையில் பிரஷ்ஷைத் தொடுமுன் அவர் போகும் இடம் ஒன்று உண்டு. நூலகத்துக்குப் பின்னால், வாகை மரத்தடியில், ஒரு லிங்கத் திருமேனி. பல்கலைக்கழகத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரெல்லாம் காலி செய்து போக, சாமி மட்டும் தங்கிவிட்டார். கூரை கிடையாது, விளக்கு கிடையாது. தவசியார் காலிப் பெயிண்ட் டப்பாவை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து நீராட்டுவார். நாலு தும்பைப் பூ வைப்பார். பாட்டு, மந்திரம் ஒன்றும் தெரியாது. "உடையவரே, நான் உம்ம பொருளு. பாத்துக்கிடும்" என்பார். பூசை அவ்வளவுதான்.

ஆக, அந்த வளாகத்தில் எண் இல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாகையடி ஈசர், மற்றவர் தவசியார். பெயிண்ட் டப்பாவில் அபிஷேகம் செய்தால் சாமிக்குச் சொறி பிடிக்கும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அவரும் மனைவி பேச்சியம்மாளும் பதினோரு வருஷமாக, மோட்டார் எடுத்துவிட்ட பழைய பம்பு அறையில் குடியிருந்தார்கள். பிள்ளைகுட்டி இல்லை. இட ஒதுக்கீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. எந்த அறை எந்தத் துறைக்கு என்று முடிவு செய்வது அதுதான். ஒரு ஐப்பசியில் அந்தக் குழு, பம்பு அறை யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது என்று கண்டுபிடித்தது. பழைய தேர்வுத் தாள் கட்டுகள் வைக்க அதை ஒதுக்கியும் விட்டது. கதவில் புது எண் எழுத வேண்டுமே, யார் எழுதுவது? அந்தக் கொடுமையை எப்படிச் சொல்ல! தவசியாரே எழுதினார். உள்ளே காய்ச்சலில் கிடந்த பேச்சியம்மாள் சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்து பார்த்தார்.

"கொஞ்சம் நேரா எழுதுங்க. கோணலா இருந்தா உங்களத்தான் ஏசுவாக" என்றார் அந்த அம்மாள்.

வளாகத்துக் கம்பி வேலிக்கு வெளியே தகரம் சாய்த்துக் குடியேறினார்கள். விடாமல் மழை. அடுப்புக்கு ஒரு காய்ந்த சுள்ளி கிடைக்கவில்லை. பெயிண்ட் அறையில் தவசியார் உட்கார்ந்து எழுதிய மர முக்காலி, கால் ஒடிந்து மூலையில் கிடந்தது. அதைப் பிளந்துதான் மனைவிக்குக் கஞ்சி காய்ச்சினார். அந்தக் கஞ்சியும் அந்த அம்மாள் தொண்டையில் இறங்கவில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, ஒன்பதாம் நாள் பேச்சியம்மாள் போய்விட்டார். தீட்டு கழியும்வரை ஈசரைத் தொடக்கூடாது என்று எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருந்தார் தவசியார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்குனி பிறந்தது. வாகை மரத்தடி, ஆசிரியர்களின் கார் நிறுத்தத்துக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே எண் உள்ள பொருள் இருந்தால் வேறிடம் கொடுத்து மாற்ற வேண்டும், எண் இல்லாததை இயந்திரம் வைத்துத் தள்ளிவிடலாம் என்பது உத்தரவு. மனைவிக்காக எதுவும் கேட்காத தவசியார் ஈசருக்காக மனு எழுதினார். ஆறடிக்கு ஆறடி இடம், வளாகத்தின் எந்த மூலையிலாவது போதும் என்று கேட்டார். பதிவேட்டில் இல்லாத பொருளுக்கு இடம் ஒதுக்க வழியில்லை என்று மனு திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தத் தவறைச் செய்தார். எண் எழுதியே கை காய்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்? எரித்துவிட்ட முக்காலியின் எண், நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு, பதிவேட்டில் இன்னும் உயிரோடு கிடந்தது. அச்சை எடுத்துப் போய், கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஈசரின் ஆவுடையார்ப் பீடத்தின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதினார். அன்றைக்கும் எழுத்து கோணவில்லை.

சாமான்களின் ஆண்டுச் சரிபார்ப்புக்கு இரண்டு விரிவுரையாளர்கள் வந்தார்கள். எண்ணைப் பார்த்தார்கள், பதிவேட்டைப் பார்த்தார்கள். 4417, மர முக்காலி, ஒன்று. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எஸ்டேட் ஆபீசர் கோமதிநாயகம் கெட்டவர் இல்லை, ஆனால் விதிக்கு மிஞ்சின தெய்வம் அவருக்குக் கிடையாது. அவரும் வந்து பார்த்தார்.

"என்னவே தவசி, உம்ம சாமி முக்காலியா? இதுல யாரு உக்காருதது?" என்றார்.

உட்காரத் தகுதியற்றது என்று எழுதி, ஈசரைக் கண்டம் செய்துவிட்டார்கள். உதவாத சாமானைக் கழித்துக் கட்டுவதற்கு அங்கே கண்டம் என்று பேர். கண்டம் ஆனதை ஏலம் விடுவார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எண் இல்லாவிட்டாலாவது வாகை மரத்தோடு மண்ணில் புதைந்திருப்பார். இப்போது நாலு பேர் கயிறு போட்டு இழுத்து, உடைந்த மேசைகளும் துருப்பிடித்த பீரோக்களும் குவிந்த கண்டக் கொட்டடியில் கொண்டு போய் வைத்தார்கள்.

ஏலத்துக்கு மூன்று நாள் இருந்தது. தவசியார் ஆபீசரின் காலில் விழுந்து, தப்பு என்னுடையது என்று அழுதார். பட்டியலில் கையெழுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை, சோறு தின்னவில்லை, கொட்டடியிலேயே கிடந்தார். கொட்டடிக்குச் சுற்றுச்சுவர்தான், கூரை கிடையாது. சட்டையைக் கழற்றி ஈசருக்கு வெயில் மறைப்பாகப் போர்த்திவிட்டு, பெயிண்டைக் கரைக்கும் டர்பன்டைனில் துணியை நனைத்து அந்த எண்ணைத் தேய்க்கத் தொடங்கினார். விரல் தோல் உரிந்தது. எண் போகவில்லை. அவர் எழுதிய எண் என்றைக்குத்தான் அழிந்தது?

"உம்ம பொருளுன்னு சொன்ன வாயி இது. இந்தக் கையாலயே உம்மப் பொருளாக்கிட்டேனே" என்று புலம்பினார். "எம்மேல எழுத வேண்டிய நம்பர உம்மேல எழுதிட்டேனே, உடையவரே. வீடும் போச்சு, அவளும் போயிட்டா. எல்லாத்தையும் பொறுத்தேன். உம்ம எடத்தையும் நானே கெடுத்தேனே."

வெயில் மட்டும் அடித்தது. இருபத்திரண்டு வருஷமும் கல்லோடுதான் பேசினோமோ என்ற எண்ணம் அவருக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான். அப்படி நினைத்ததற்கும் அழுதார். ஆனாலும் ஈசரை விட்டு அவர் நகரவில்லை. போக வேறு இடமும் இல்லை.

ஏலத்தன்று காலை கோமதிநாயகமும் ஏலக்காரரும் கொட்டடியைத் திறந்தார்கள். தவசியார் பீடத்தின் பின்புறம் வெறும் முதுகோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் எழவில்லை. தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது. முன்பக்கம் மெல்லச் சாய்த்துக் கிடத்தினார்கள். முதுகில் பளிச்சென்று வெள்ளை எனாமலில் ஓர் எண் இருந்தது. 4417.

கல்லில் இளகிய பெயிண்ட் ஒட்டியிருக்கும் என்றார் ஏலக்காரர். கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் அந்த எழுத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். 

"ஒட்டியிருந்தா எழுத்து எடம் வலமாத் திரும்பியில்லா விழுந்திருக்கும்? இது நேரா இருக்குய்யா" என்றார். "யாரோ அச்சு வச்சு எழுதியிருக்காக."

பிறகு பீடத்தைப் பார்த்தார்கள். எண் இருந்த இடத்தில் தூசு அளவு வடுகூட இல்லை. கல் கழுவிவிட்டது போல இருந்தது. கோமதிநாயகம் அந்தத் துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அன்றைக்கு ஏலம் நடக்கவில்லை.

தகனம் முடிந்து வந்தபின் அவர் பதிவேட்டைத் திறந்தார். 4417க்கு நேரே மர முக்காலி என்றிருந்ததை அடித்துவிட்டு, தவசிலிங்கம் என்று எழுதினார். யார் பொறுப்பில் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வாகையடி ஈசர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தவசியார் பெயர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் ஏறியது அன்றைக்குத்தான்.

வாகை மரம் போய்விட்டது, அங்கே கார்கள் நிற்கின்றன. ஈசர் கண்டக் கொட்டடியிலேயே இருக்கிறார். அவர் இருக்கும் ஆறடிக்கு ஆறடியை மட்டும் எந்தக் குழுவும் இதுவரை வேறு எவருக்கும் ஒதுக்கியதில்லை. காலையில் யாராவது ஒருவர் கழுவிய பெயிண்ட் டப்பாவில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றுகிறார்கள்.

எல்லாப் பொருளுக்கும் எண் எழுதி, கடைசியில் ஈசன் கையால் தமக்கே எண் எழுதப்பெற்ற தவசிலிங்கனாரின் உரிந்த விரல்களை நாம் வணங்குவோம்.