எதையும் விடாத ஸ்லைடு

பேராசிரியர் சேவியர் ராசுவின் ஆய்வகத்தில் தில்லைநாயகிக்கு அன்று தலைகால் புரியவில்லை. மியூசின் என்பது குடல் சுவரைக் காக்கும் வழவழப்பான பொருள். அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மோனோகுளோனல் ஆன்டிபாடியை எலிக் குடலின் மெல்லிய சீவல்மேல் விட்டிருந்தாள். அது ஒட்டிய இடத்தைப் பழுப்பாகக் காட்ட இரண்டாவதாக ஒரு திரவம்.

மியூசின் சுரக்கும் செல்கள் பழுப்பானது போதாதென்று ரத்தக் குழாய்களும் பழுப்பாகியிருந்தன. அங்கே மியூசினை யாருமே பார்த்ததில்லை. மாலை ரயிலில் மாநாட்டுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே இதைச் சொன்னால், இழுத்துக்கொண்டே போகும் அவள் ஆய்வுக்கு விடிவுகாலம்தான்.

"சார், இது அங்கே நிஜமா இருக்குதானே?"

"இன்னொரு ஸ்லைடு போடு. ஆன்டிபாடி விடாதே. மத்ததெல்லாம் அப்படியே செய்."

"அதை விடலைன்னா ஒண்ணும் தெரியாதே சார்."

"தெரியலைன்னு பார்த்துட்டு வா."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தில்லைநாயகி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். மியூசின் செல்கள் வெறுமையாக இருந்தன. அது சரிதான். ஆனால் ரத்தக் குழாய்கள் பழுப்பாகவே கிடந்தன. அதே வளைவு, அதே ஓரம். பூட்டிய வீட்டுக்குள் விளக்கு எரிவதைப் பார்த்ததுபோல அவளுக்கு முதுகு சில்லிட்டது. ஸ்லைடு மாறிவிட்டதோ என்று ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். மாறவில்லை.

பேராசிரியர் அறைக்கு ஓடினாள்.

"சார், நான் அனுப்பவே இல்லை. ஆனா வந்து உட்கார்ந்திருக்கு. யார் சார் அது?"

அவர் எழுந்து வந்து மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"உன் ஆன்டிபாடி எந்தப் பிராணிகிட்டேருந்து வந்தது?"

"எலி."

"இது எதோட குடல்?"

"அதுவும்... எலிதான்."

"எலி ரத்தத்துல எலியோட சொந்த ஆன்டிபாடி இருக்காதா? உன் இரண்டாவது திரவம் எலி ஆன்டிபாடி எங்கே இருந்தாலும் பழுப்பாக்கும்; அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ செத்துப்போன எலி, நான் அனுப்பின ஆள் மாதிரியே நின்னு என்னை ஏமாத்திச்சா?"

"அது ஏமாத்தலை. அங்கேயேதான் இருந்துச்சு."

வெளியே, ரயிலுக்குக் கூட்டிப்போக வந்த ஆட்டோ ஹார்ன் அடித்தது.

"இந்த ஸ்லைடை மாநாட்டுல யாரும் கேட்க மாட்டாங்க சார்." அவள் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பேராசிரியர் நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்தார்.

"நீ பார்த்துட்டியேம்மா."