கோமளா சவரியப்பன்

சங்கக் கொட்டகையில் உசேன் வாத்தியார் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். சங்கத்தில் படிப்பு வகுப்பு எடுப்பவர் அவர். மாணவர்களில் பலருக்கு அவர் வயதே இருக்கும்.

அவர்களில் ஒருவரான சவரியப்பன் கறுப்பு மையும் தூரிகையுமாக வந்தார். ‘கோமளா சவரியப்பன் பேசுகிறார்’ என்று அச்சாகி வந்த சுவரொட்டிகளில் முதல் சொல்லை அடிக்கப்போவதாகச் சொன்னார்.

கோமளா என்பது மில்லின் பெயர். முதலாளியின் தாயார் பெயர். முதலாளிகளுக்குத் தாய்ப்பாசம் அதிகம். தொழிலாளியின் தாய்தான் கண்ணில் படமாட்டாள். சங்கம் வைத்ததற்காகச் சவரியப்பனை அந்த மில் வெளியே தள்ளியது. வேறெந்த மில்லும் அவரைச் சேர்க்காமல் பார்த்துக்கொண்டது. ஊரோ மில்லின் பெயரை அவர் பெயரோடு ஒட்டிவிட்டது.

“வெளியூர்க் கூட்டத்துக்குப் போனா, கோமளா உங்க வீட்டம்மாவான்னு கேக்குறான். என் வீட்டுக்காரி முறைக்கிறா, வாத்தியாரே. சோத்துல உப்பே இல்ல.”

வாத்தியார் சிரித்தார். கரண்டியை அவர் கையில் கொடுத்துக் கிளறச் சொன்னார். ஒரு கதையும் சொன்னார்.

நாம் ஹெர்குலிஸ் என்போம். கிரேக்கர்கள் ஹேராக்ளிஸ் என்றார்கள். அவன் தொட்டிலில் கிடந்தபோதே கொல்லச்சொல்லிப் பாம்புகளை ஏவினாள் ஹேரா என்ற தேவி. குழந்தை அவற்றின் கழுத்தை நெரித்துப் போட்டது. வளர்ந்த பிறகும் அவள் விடவில்லை. அவன் புத்தியைக் கலக்கினாள். ஒரு கோழை அரசனுக்கு ஏவலாளாக நிற்கும்படி செய்தாள். அவன் சிங்கத்தோடு மல்லுக்கட்டினான், மாட்டுக்கொட்டில் கழுவினான். செய்த வேலைகளில் இரண்டைச் செல்லாது என்று தள்ளினான் அந்த அரசன்.

“நம்ம ஆளுதான்,” என்றார் சவரியப்பன்.

“அவன் பேருக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க.”

“சிங்கத்தை அடிச்சவன்.”

“இல்ல. ஹேராவின் புகழ்.”

சவரியப்பனின் கை நின்றுவிட்டது. பாம்பு விட்டவளின் புகழைச் சாகும்வரை சுமக்க அவனுக்கென்ன தலையெழுத்தா என்று சீறினார். சிங்கத்தை அடிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு சொல்லை அடிக்கத் தெரியாதா என்றும் கேட்டார்.

“அவன் ஏன் வாத்தியாரே பேரை மாத்திக்கல?”

வாத்தியார் பசையை எட்டிப் பார்த்தார்.

“அடிப்பிடிக்குது, கிளறுங்க தோழர். மாத்தியிருந்தா அவ தப்பிச்சிருப்பா.”