பெட்டி பிரிக்காத நாற்பது போன்

பொருநை ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதை நடத்தி வந்த மங்கையர்க்கரசி அம்மையாருக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சங்கரபாண்டியனுக்கு ஐம்பத்தெட்டு. இருபது வருஷம் ஊர் ஊராகக் கடைகளுக்குச் செல்போன் சப்ளை செய்தவர்.

ஒரு நாள் காலை இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சங்கரபாண்டியன் கேட்டார்.

“அம்மா, ஒரு காலத்துல எல்லார் கையிலயும் ஒரே கம்பெனி போன்தான். அஞ்சே வருஷத்துல அது இருந்த இடம் தெரியல. அடுத்து ஒண்ணு வந்துச்சு, அதுவும் போச்சு. இப்ப வேற ஒண்ணு. இதைத்தான் நிலையாமைன்னு சொல்றாங்களா?”

“அது போகப்போகுதுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது, அண்ணாச்சி?”

“எல்லாருக்கும் தெரிஞ்சப்பதான்.”

அம்மையார் அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

“இல்லம்மா,” என்றார் சங்கரபாண்டியன். “ஆறு மாசம் முன்னாடியே தெரியும். கம்பெனிக்காரங்க மதுரையில மீட்டிங் போட்டுச் சொல்லிட்டாங்க. கையில இருக்கிறதைத் தள்ளிவிடுங்கன்னாங்க.”

“யார்கிட்டத் தள்ளுனீங்க?”

“கடையநல்லூர்ல பீர் மைதீன்னு ஒருத்தர். சின்னக் கடை. ‘பாய், புதுக் கம்பெனியெல்லாம் மூணு மாசம் தாங்காது, இதுதான் நிக்கும்’னேன். என்னை நம்பி நாப்பது போன் எடுத்தாரு. ஒண்ணுகூட விக்கல. மறுவருஷம் நானே புதுக் கம்பெனிக்கு மாறி, அதே கடைக்கு ஆர்டர் கேட்டுப் போனேன்.”

“என்ன சொன்னார்?”

“டீ வாங்கிக் குடுத்தாரு. அவருக்குப் பின்னால அலமாரியில அந்த நாப்பதும் பெட்டி பிரிக்காம அடுக்கியிருந்துச்சு. நான் பாக்காத மாதிரி டீயைக் குடிச்சேன்.”

சங்கரபாண்டியனின் காது மடல் சிவந்திருந்தது. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘காலம் மாறிப்போச்சு, பாய்’னேன்.”

“காலமா, அண்ணாச்சி?”

சங்கரபாண்டியன் கையிலிருந்த கீரைத் தண்டைக் கீழே வைத்தார்.

“நாளைக்குக் கடையநல்லூர் போயிட்டு வர்றேன்மா. அவரு இன்னும் அந்தக் கடையிலதான் இருக்காராம். ஆனா எதிர்ல போய் நின்னா, எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.”

“மதுரை மீட்டிங்லேருந்து,” என்றார் அம்மையார்.