மாதப்பனின் முறை

தவமணியிடம் குட்டி வண்டி வார்க்கக் கற்றவர்களில் செங்கோடன்தான் வயதில் மூத்தவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயதுக்கு மேல் கூடுதல். அவர் அவளை வாத்தியாரம்மா என்றார். அவள் அவரை அண்ணா என்றாள்.

பட்டறை கோவையில், குறிச்சிப் பக்கம் இருந்தது. பெரிய லாரிகளை அளந்து வந்து, உள்ளங்கையில் நிற்கும் உலோக லாரிகளாக வார்ப்பார்கள். முதலில் மெழுகில் செதுக்குவது. பிறகு ரப்பர் அச்சில் உலோகத்தை ஊற்றிப் பார்ப்பது. சரியாக வந்தால் எஃகில் அச்சு வெட்டுவது. எஃகில் வெட்டிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது.

அந்த வருடம் வேழம் என்ற வண்டியைச் செய்யச் சொல்லி வேலை வந்தது. செங்கோடன் அதைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். தவமணி கொடுத்தாள்.

வேழம் வருவதற்கு முன்பு நம் சாலைகளில் ஓடிய லாரிகள் பாரத்தைத் தங்கள் முதுகிலேயே சுமந்தன. பாரம் இறங்கும்வரை வண்டியும் காத்துக் கிடக்கும். வேழம் பாரத்தைப் பின்னால் ட்ரெய்லரில் இழுத்துப் போனது. போன இடத்தில் அதைக் கழற்றி விட்டுவிட்டு, வேறொன்றை மாட்டிக்கொண்டு திரும்பியது.

இன்னொன்றும் இருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற பலகை. ஒருவர் ஓட்டினால் ஒருவர் தூங்கலாம். வண்டி நிற்கவே வேண்டாம். பிறகு வந்த நிறுவனங்கள் எல்லாம் அந்தப் பலகையைப் பார்த்துத் தங்கள் வண்டியிலும் வைத்தன.

செங்கோடன் வேழத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று யாராவது கேட்டால், பாதி தூரம் தூங்கினேன் என்பார். அவர் ஓட்டிய பாதியில் தூங்கியவர் மாதப்பன். தருமபுரிக்காரர்.

முறை மாற அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓட்டுகிறவர் கையைப் பின்னால் விட்டுப் பலகையோரத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். படுத்திருப்பவர் எழுந்து வருவார்.

தொப்பூர் இறக்கத்தை மட்டும் மாதப்பன் யாருக்கும் விடமாட்டார். "நீ மிதிக்கிற மிதிக்கு பிரேக்கே அழுதுரும். தள்ளி உக்காருடா" என்பார். செங்கோடன் தள்ளி உட்காருவார். அந்த இறக்கத்தில் மட்டும் அவர் படுக்கப் போனதில்லை. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, மலை வளைவுகளில் இறங்கிப் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வருவார்.

நாக்பூரிலிருந்து திரும்பிய ஒரு பயணத்தில், கிருஷ்ணகிரி தாண்டியதும் செங்கோடன் தகரத்தில் தட்டினார். மறுபடி தட்டினார். மாதப்பன் எழுந்து வரவில்லை.

அதன் பிறகு செங்கோடன் வண்டி ஏறவில்லை.

மெழுகு வேழத்தை அவர் மெதுவாகச் செதுக்கினார். நீண்ட மூக்கு, படிகள், கூரைமேல் தார்ப்பாய்ச் சுருள் எல்லாம் வந்தன. கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளையும் செதுக்கினார். தலையில் துண்டு, ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகள்.

உலோகம் ஊற்றியபோது கைகள் வரவில்லை. உலோகம் அவ்வளவு மெல்லிய இடத்துக்குப் போய்ச் சேருமுன் இறுகிவிட்டது. அவர் கைகளைக் கொஞ்சம் பருமனாக்கினார். அடுத்த தடவை தலை கூரையோடு ஒட்டிக்கொண்டது. அவர் சலிக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் அதிலேயே போனது. ஒரு நாள் ஆள் முழுசாக வந்துவிட்டார்.

செங்கோடன் அதைக் கொண்டுபோய்க் குருவின் முன் வைத்தார். தவமணி வெகுநேரம் பார்த்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்றாள். பிறகு, வழக்கமாகக் குட்டி வண்டிகளில் ஆள் வைப்பதில்லையே என்றாள்.

"தெரியுங்க வாத்தியாரம்மா."

"அப்புறம்?"

செங்கோடன் துணியால் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

"அவன் தூங்கறப்பவே போயிட்டான்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அடுத்தது அவன் முறைங்க. ஒரு தடவை எந்திரிச்சு உக்காரட்டும்னு பாத்தேன்."

தவமணி வண்டியை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள். வியாழக்கிழமை எஃகு வெட்ட வேண்டும், அதற்குள் நீங்களே முடிவு சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

புதன்கிழமை மதியம் அவள் மேசைமேல் இரண்டு வேழங்கள் நின்றன. ஒன்றில் ஆள் இருந்தார். இன்னொன்று செங்கோடனின் மெழுகிலிருந்து ஆளை மட்டும் எடுத்துவிட்டு அவள் ஊற்றியது. அதைப் பார்த்ததும் செங்கோடனுக்கு முகம் மாறிவிட்டது. அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அட்டைப்பெட்டிகள் ஏற்றிக்கொண்டு ஆட்டோக்காரர் கதிரேசன் வந்தார். தவமணி ஆள் இருந்த வண்டியை அவர் கையில் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமைங்க. இவரு யாரு, நம்மள இப்படி முறைக்கறாரு? ஆர்டிஓங்களா?"

சிரித்துவிட்டு மேசையில் வைத்தார். அவள் மற்றதைக் கொடுத்தாள். அதைக் கதிரேசன் திருப்பிப் பார்க்கவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் அவர் உதடுகளிலிருந்து மெல்ல ஓர் இரைச்சல் கிளம்பியது. மேசை விளிம்பில் வண்டி வளைந்து, ஏறி, கியர் மாறி, இறங்கிப் போனது. வெளியே அவருடைய ஆட்டோவுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்த பிறகுதான் அவர் வண்டியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டே போனார்.

செங்கோடன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்கி விடச் சொல்றீங்க" என்றார். "அவன் கெடந்த எடத்துலருந்து நான் எந்திரிக்க வெச்சுக் கொண்டாந்தேன். நீங்க எறக்கி விடச் சொல்றீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலைங்ணா. நீங்களும் ஒரு தடவை பாருங்க. அப்புறம் எந்த வண்டின்னு சொல்லுங்க, அதையே வெட்டலாம்."

ஆள் இல்லாத வண்டியை அவள் அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு தம்ளர் தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

செங்கோடன் ஜன்னலோரம் போய் நின்றார். வண்டியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

உள்ளே முதலில் இருட்டாக இருந்தது. பிறகு முன் கண்ணாடிக்கான இடைவெளியில் வெயில் தெரிந்தது. வெயில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பட்டறையின் அரம் தேய்க்கும் சத்தம் தூரத்தில் போய் எஞ்சின் சத்தத்தோடு கலந்தது. காலுக்குக் கீழே இரும்பு சூடாக இருந்தது. டீசலும் வெற்றிலையும் கலந்த வாசனை வந்தது. இரண்டு பக்கமும் குன்றுகள் எழுந்து வந்தன. சாலை தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்குக் கீழே வளைவு. எதிலும் வண்டி குலுங்கவில்லை. பிரேக் அழவில்லை. யாரோ சீராக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் வண்டியைத் தாழ்த்தியபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது. வெயில் சுவரில் ஏறியிருந்தது.

தவமணி அரத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"எது வரைக்கும் போனீங்க?"

"தொப்பூர் எறங்கிட்டேன்."

"எந்த ஜன்னல் வழியாப் பாத்தீங்க?"

செங்கோடன் கையிலிருந்த வண்டியைப் பார்த்தார். அவர் கட்டைவிரல் இன்னும் இடப்பக்கக் கதவின் மேல் இருந்தது.

"இந்தப் பக்கந்தானுங்க. என் எடம்."

"அப்ப வண்டிய யாருங்ணா ஓட்டினது?"

செங்கோடன் ஆள் இல்லாத அந்த வண்டியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.