கொடியின் மறுமுனை

“நீ வந்து தட்ட ஆரம்பிச்சாலே எங்க வேலை நின்னுடுது!”

கரடி மேஸ்திரி காலையிலிருந்து இதையேதான் கத்திக்கொண்டிருந்தது. மரங்கொத்தி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூங்கில் மூங்கிலாகத் தத்திப் போய், அலகால் டொக் டொக்கென்று தட்டி, ஓசையைக் கேட்டது.

ஏரிக்கரை மருதமரத்தில் பெரிய பரண் எழும்பிக்கொண்டிருந்தது. மழை வந்தால் ஏரி கரையை மீறும். முயலும் எலியும் குஞ்சு குட்டியோடு ஏறி உட்கார ஓர் இடம் வேண்டாமா? கட்டுவது குரங்குகள். கட்ட வைப்பது கரடி. கண்காணிப்பது மரங்கொத்தி.

போன வருஷம் கண்காணித்தது கொக்கு. அந்த ஐயா கீழேயே நிற்பார். ஒற்றைக் கண்ணால் அண்ணாந்து பார்த்து, “பிரமாதம்!” என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். அந்த லட்சணத்தில் ஒரு கடுவன் குரங்கு உச்சியிலிருந்து விழுந்து செத்தது. அப்புறம்தான் காடு கூடி மரங்கொத்தியை வைத்தது. இன்னொரு உயிர் போக விடமாட்டேன் என்று அன்றைக்கே அது முடிவு கட்டிவிட்டது.

“மேஸ்திரி அண்ணே, எல்லாரும் இடுப்புல கொடி கட்டியிருக்காங்களா?”

“கண்ணு தெரியலையா? ஒருத்தர் விடாம கட்டியிருக்காங்க!”

உண்மைதான். இடுப்புக்கு இடுப்பு சீந்தில் கொடி பளபளத்தது. கொக்காக இருந்தால் இத்தோடு மீனுக்குக் கிளம்பியிருக்கும்.

“சரி, மறுமுனை எங்கே?”

குரங்குகள் தலையைச் சொறிந்தன. மரங்கொத்தி கொடி போன வழியே தத்திப் போனது. முதல் குரங்கின் கொடி இரண்டாவது குரங்கின் இடுப்பில். அதன் கொடி அடுத்ததன் இடுப்பில். கடைசியாக நின்ற தாய்க்குரங்கின் மாரில் ஒரு குட்டி தொங்கியது. அவள் கொடி கரடியின் இடுப்பில்! கரடியோ பரண் ஓரத்து மூங்கிலில் காலைத் தொங்கப்போட்டு, தேனடை சப்பிக்கொண்டிருந்தது.

“என்ன கூத்து இது?”

“ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிறோம் அக்கா! ஒத்துமை!” என்றது முதல் குரங்கு பெருமையாக.

“ஒத்துமையா விழறதுக்கா? அவிழுங்க! தனித்தனியா அடிமரத்துல கட்டுங்க. அதுவரைக்கும் ஒரு மூங்கில் நகரக் கூடாது!”

“மேகத்தைப் பாரு!” கரடி உறுமியது. “முயலுங்க முங்கிப்போனா நீயா பதில் சொல்லுவே?”

“சொல்றேன். போன வருஷம் செத்தவன் பெண்டாட்டிக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டு தேனடையைச் சப்பியது.

குரங்குகள் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தன; அடிமரத்தைச் சுற்றிக் கட்டின. மரங்கொத்தி ஒவ்வொரு முடிச்சையும் அலகால் இழுத்துப் பார்த்தது. முதல் குரங்கின் முடிச்சு நழுவியது. “திரும்பக் கட்டு!” தாய்க்குரங்கின் முடிச்சை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தது.

“இப்ப நீங்க, அண்ணே! உங்க மூங்கில் உள்ளே உளுத்துக் கிடக்கு, சத்தமே சொல்லுது. எழுந்து வந்து கொடி கட்டுங்க.”

“எனக்கா? நான் மேஸ்திரிம்மா! கூலிக் குரங்குன்னு நினைச்சியா?”

மடார்!

மூங்கில் இரண்டாக முறிந்தது. கரடி தேனடையோடு கீழே போய்ச் சேற்றில் இடுப்பளவு புதைந்தது. அதே மூங்கிலில் பக்கத்தில் நின்ற தாய்க்குரங்கும் சரிந்தாள். கொடி விறைத்தது. அடிமரம் அசையவில்லை. குட்டி வீறிட்டு அலற, அவள் அந்தரத்தில் ஊஞ்சலாடினாள்; ஆனால் விழவில்லை.

“பிடிங்க! இழுங்க!” மரங்கொத்தி கூவியது. அத்தனை குரங்குகளும் அந்தக் கொடியில் கை வைத்தன.

“அடேய், கால் முறிஞ்சுபோச்சு! யாராவது என்னைத் தூக்கிவிடுங்கடா!” என்று கீழேயிருந்து கரடி கெஞ்சியது.

தாயையும் குட்டியையும் மேலே ஏற்றும்வரை ஒரு கையும் ஓயவில்லை.

கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது கண்காணிப்பு ஆகாது; கடைசி முடிச்சு வரை இழுத்துப் பார்த்து, மேஸ்திரி முதல் கூலி வரை எல்லாரையும் கட்ட வைப்பவரே உயிரைக் காப்பவர்.